கடை டூல் கைவிடும்போது: எஞ்சின் டூல்களைச் சோதித்து வாங்கவும் பட்டறையிலேயே செய்துகொள்ளவும்

திருநெல்வேலிப் பேட்டை ஐடிஐயில் படித்து முடித்தோ, ஏதாவது ஒரு பட்டறையில் ரெண்டு வருஷம் கூடமாட நின்றோ சொந்தமாக டூல் பெட்டி சேர்க்கத் தொடங்குகிறவரை முதலில் இழுப்பது பளபளப்புதான். பிளாஸ்டிக் பெட்டிக்குள் 46 உருப்படி, ஒவ்வொன்றிலும் ‘குரோம் வனேடியம்’ என்ற எழுத்து, கண்ணாடி மாதிரி முலாம். மூன்றாம் மாதம் பார்த்தால் 10 சாக்கெட்டின் வாய் விரிந்திருக்கும், ஸ்டார் திருப்புளியின் நுனி உருண்டிருக்கும், மேக்னட் புல்லர் (கிராங்க் நுனியிலுள்ள காந்தச் சக்கரத்தை இழுத்துக் கழற்றும் டூல்) தன் மரையை மேக்னட்டுக்குள்ளேயே உரித்துப் போட்டிருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. நல்ல ஸ்பானர் மூன்று வேலைகளைக் கடந்து வர வேண்டும்: காய்ச்சி அச்சில் அடிப்பது, வாயை அளவுக்குக் கடைவது, சூடேற்றி எண்ணெயில் முக்கிப் பதம் பார்ப்பது. மூன்றாவது வேலை கண்ணுக்குத் தெரியாது. விலையைக் குறைக்கிறவர்கள் முதலில் கைவைப்பதும் அதில்தான். அடுத்து, அடிப்பதற்குப் பதில் வார்த்துவிடுவார்கள். வார்ப்பின் பொக்கையையும் கோடுகளையும் முலாம் மூடிவிடும். எழுத்தைப் பொறுத்தவரை, அதை எந்த இரும்பிலும் பொறிக்கலாம்.

அதற்காக எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்துவிட முடியாது. பிரித்துப் பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த டூல் வேலை செய்வது அதன் வடிவத்தாலா, எஃகின் கெட்டித்தன்மையாலா? பிடிப்பது, இழுப்பது, அமுக்குவது, உள்ளே தள்ளுவது எல்லாம் வடிவத்தின் வேலை. சாதா இரும்பில் செய்தாலும் தடிமனைக் கூட்டிச் சமாளித்துவிடலாம். போல்ட்டின் மூலையைக் கவ்வுவது, திருகின் பள்ளத்தில் நுழைந்து திருப்புவது கெட்டித்தன்மையின் வேலை. அங்கே இடம் ஒரு மி.மீ.தான், தடிமனைக் கூட்ட வழியில்லை. முதல் வகையைச் செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வகைக்குக் காசு கொடுங்கள், 46 உருப்படிக்குக் கொடுக்கிற காசை எட்டு உருப்படிக்குக் கொடுத்தாலும் சரி.

வாங்கும் முன் ஐந்து நிமிஷம்

கடைக்குப் போகும்போது வெர்னியர், சின்ன அரம், ஒரு புது 10 மி.மீ. தலை போல்ட் மூன்றும் பையில் இருக்கட்டும்.

ஸ்பானர் வாயை வெர்னியரின் மேல் தாடையால் அளக்க வேண்டும். 10 மி.மீ. ஸ்பானர் என்றால் வாய் 10.2ஐத் தாண்டக் கூடாது. புது போல்ட் தலையே 10ஐ விடச் சற்றுக் குறைவாகத்தான் வரும், 9.8 வரை இறங்குவதும் முறையான அளவுதான். வாய் 10.35 என்றால் இடைவெளி அரை மி.மீ.யைத் தொட்டுவிடும். ஸ்பானர் தட்டையான முகத்தை விட்டுவிட்டு மூலையில் மட்டும் உட்காரும். தலை உருளுவது அங்கே தொடங்குகிறது, கை பலத்தில் ஒன்றும் இல்லை. வாயின் இரு தாடைகளும் இணையாக இருக்கின்றனவா என்று உள்பக்கமும் நுனியும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

அடுத்தது அரம். கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு கைப்பிடியின் ஓரத்தில் ஒரே ஒரு இழுப்பு. பதம் வைத்த ஸ்பானர், கெட்டித்தன்மையைச் சொல்லும் ராக்வெல் சி அளவில் 40க்கு மேல் இருக்கும், அரம் 60ஐத் தாண்டும். ஆகவே நல்ல ஸ்பானரிலும் அரம் கடிக்கும், ஆனால் தயங்கித் தயங்கிக் கடிக்கும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அது கட்டுக்கம்பி இரும்பு. துளியும் கடிக்காமல் வழுக்கினால் முலாம் இன்னும் உரியவில்லை என்று பொருள், இன்னொரு இழுப்பு வேண்டும். அதன் பிறகும் வழுக்கினால் மிதமிஞ்சிக் கெட்டி, ஓங்கி அழுத்தும்போது கண்ணாடிபோல் தெறித்துவிடும்.

சாக்கெட்டில் ஆறு மூலை உள்ளதை எடுங்கள். பன்னிரண்டு மூலை நெருக்கமான இடத்தில் வசதிதான். ஆனால் தேய்ந்த தலையில் முதலில் நழுவுவதும் அதுதான். 8, 10, 12, 14, 17 இந்த ஐந்தும் நல்லதாக இருந்தால் 100 சிசி வண்டி எஞ்சினின் பெரும்பகுதி கைக்குள் வந்துவிடும்.

ஸ்டார் திருப்புளியில் ஒரு சூட்சுமம் உண்டு. ஜப்பான் வழி வந்த எஞ்சின்களின் மூடித் திருகுகள் பார்வைக்கு பிலிப்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் அவை ஜிஸ் (JIS) என்ற ஜப்பானியத் தர அளவில் வெட்டியவை. தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜிஸ் திருகு. பிலிப்ஸ் நுனி அதன் அடிவரை இறங்காது, பாதியில் நின்று, அழுத்தியதும் மேலே ஏறிவிடும். ‘திருகு மட்டம்’ என்று திட்டு வாங்குகிற திருகுகளில் பாதி இந்தப் பொருத்தக் கேட்டால் கெட்டவை. ஜிஸ் நுனியும், சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் திருப்புளியும் வாங்கி வைத்துக்கொள்வது புதியவருக்கு முதல் செலவாக இருக்கட்டும். அதன் நுனியை ஒருநாளும் நீங்களே செய்ய முயல வேண்டாம்.

இடைவெளி அளக்கும் மெல்லிய இலைகள் கொண்ட ஃபீலர் கேஜில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். லேத் பட்டறைக்குப் போய் மைக்ரோமீட்டரில் ஒவ்வொரு இலையையும் அளக்கச் சொல்லுங்கள், டீ குடிக்கிற நேரம்தான் ஆகும். 0.05 இலை 0.07 இருந்தால் வால்வு இடைவெளி மொத்தமும் தப்பு. அந்த இலையைத் தூக்கி எறிய வேண்டாம், மேலே உண்மை அளவைக் கீறி வைத்தால் அது 0.07 இலையாகப் பயன்படும்.

பழைய இரும்புக்கடையில் எதை எடுக்கலாம்

நம் பக்கத்தில் அருவா அடிக்கிற பட்டறைகள் லாரி, ஜீப் ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் போவது சும்மா இல்லை. அது பதம் ஏற்கும் எஃகு. ஆப்பு, நெம்புகோல், சாவி இழுப்பான் எல்லாவற்றுக்கும் அதுவே பொருள். அதில் துளை போட வேண்டுமென்றால் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து, ராத்திரி முழுக்க ஆறவிட்டால் ஹாக்ஸாவுக்கு இணங்கும். வேலை முடிந்து மறுபடி கெட்டியாக்க, காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி எண்ணெயில் முக்க வேண்டும். தண்ணீரில் முக்கினால் வெடிப்பு விடும். பிறகு மேலே தேய்த்துப் பளபளப்பாக்கி, மெதுவாகச் சூடு காட்டி, நீல நிறம் ஓடும்போது நிறுத்துங்கள். வைக்கோல் நிறத்திலேயே நிறுத்தினால் அது வெட்டுகிற சாமானுக்கான பதம். அடி வாங்குகிற ஆப்புக்கு நீலம்தான் வேண்டும்.

இவை தவிரச் சேர்த்து வைக்க வேண்டியவை: பழைய பேரிங்கின் வெளி வளையங்கள், தேய்ந்த கிளட்ச் ஸ்டீல் பிளேட்கள், பழைய பைக் செயின், கெட்டுப்போன சாக்கெட்கள், முக்கால் அங்குல, ஒரு அங்குல ஜிஐ பைப் துண்டுகள், 25×6, 40×10 பட்டைகள். போல்ட் எடுக்கும்போது தலையில் பலத்தின் தரமாக 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருப்பதை மட்டும் எடுங்கள். எண் இல்லாத போல்ட் கட்டில் பூட்டத்தான் உதவும்.

ஜிஐ பைப்பை வெல்டிங் செய்யும் முன் முலாமை 20 மி.மீ. அகலத்துக்காவது அரைத்து எடுத்துவிட வேண்டும். துத்தநாகப் புகை காய்ச்சல் கொடுக்கும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது பட்டறை நம்பிக்கை, நுரையீரலுக்குள் போன புகையைப் பால் ஒன்றும் செய்யாது. வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யுங்கள். குரோம் முலாம் உள்ள சாக்கெட்டுக்கும் இதே விதி.

நாலு பல் நட்டுக்கு சாக்கெட்

ஹோண்டா வழி வந்த 100 சிசி எஞ்சின்களில் வலது மூடியைத் திறந்தால் அறுகோண நட்டுக்குப் பதில் நாலு வெட்டு உள்ள வட்ட நட் ஒன்று எதிர்ப்படும். சில வண்டிகளில் கிளட்சில், சிலவற்றில் எண்ணெய் ரோட்டரில். உளியை வைத்துத் தட்டிக் கழற்றிய நட்டுகளின் காது சிதைந்திருப்பதை எந்தப் பட்டறையிலும் பார்க்கலாம். கடையில் கிடைக்கிற மலிவு சாக்கெட்டில் பற்கள் பெரும்பாலும் மென்மையாக இருக்கும், அல்லது பக்கவாட்டில் சரிந்திருக்கும். இதை நீங்களே செய்வது நல்லது, அதுவும் பழைய சாக்கெட்டை வெட்டிச் செய்வது. அதில் பதம் ஏற்கெனவே இருக்கிறது.

முதலில் நட்டின் வெளிவிட்டம், வெட்டின் அகலம், ஆழம், நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின் விட்டம் நாலையும் வெர்னியரில் அளந்து எழுதுங்கள். வாய்ப்பகுதியின் வெளிவிட்டம் நட்டின் வெளிவிட்டத்துக்குச் சமமாகவோ ஒரு மி.மீ. கூடவோ உள்ள கெட்டுப்போன சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே தண்டு தடையில்லாமல் நுழைய வேண்டும். சுவரின் தடிமன் 3 மி.மீ.க்குக் குறைந்தால் வேண்டாம்.

வாயைத் தட்டையாக அரைத்து, நெயில் பாலிஷ் பூசி உலரவிட்டு, நட்டை வைத்து ஊசியால் நாலு பற்களையும் கீறிக்கொள்ளுங்கள். 1 மி.மீ. கட்டிங் சக்கரத்தால் பற்களுக்கு இடையிலுள்ள பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். கோட்டைத் தொட்டு வெட்டாமல் அரை மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தை அரத்தாலோ எண்ணெய்க் கல்லாலோ தேய்த்துப் பொருத்துங்கள். மூன்று விநாடி வெட்டு, தண்ணீரில் ஒரு முக்கு, மறுபடி மூன்று விநாடி. உலோகத்தில் நீலம் ஓட விட்டால் அந்த இடத்தில் பதம் கெடத் தொடங்கும்.

பல்லின் நீளம் வெட்டின் ஆழத்தை விட அரை மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். கூடினால் பல்லின் நுனி அடியில் உள்ள லாக் வாஷரில் முட்டி, முகம் உட்காராது. பல்லின் இரு பக்கமும் செங்குத்தாக நிற்க வேண்டும். துளி சரிந்தாலும் அழுத்தும்போது சாக்கெட் மேலே ஏறிவிடும், இதில் எல்லோரும் செய்கிற தப்பு இதுதான். பல் தொடங்கும் அடி மூலையைக் கூர்மையாக விடாதீர்கள். எலிவால் அரத்தால் ஒரு சின்ன வளைவு கொடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கிருந்துதான் வெடிப்பு ஓடும்.

பயன்படுத்தும்போது லாக் வாஷரின் காதை முதலில் முழுசாக நிமிர்த்துங்கள். சாக்கெட்டை ஒரு கையால் உள்ளே அமுக்கிப் பிடித்தபடி மறு கையால் திருப்ப வேண்டும். தண்டின் நடுவில் உள்மரை இருந்தால் நீள போல்ட்டும் வாஷரும் போட்டு சாக்கெட்டை லேசாகப் பிடிக்கவைத்தால் நழுவவே நழுவாது.

திருப்பும்போது கிளட்ச் சுற்றாமல் இருக்க ஒரு பிடி வேண்டும். பல்சக்கரங்களுக்கு இடையில் திருப்புளியையோ வாஷரையோ செருகுவது ஒரு பல்லைப் பலிகொடுக்கும் வழி. பழைய ஸ்டீல் பிளேட் மூன்றை எடுங்கள். இவற்றின் பற்கள் உள்பக்கம் இருக்கும், நடு ஹப்பைக் கவ்வும். மூன்றையும் எஞ்சினுக்கு வெளியே, கழற்றி வைத்த ஒரு ஹப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லை நேராக்கி, வெளி ஓரத்தில் மட்டும் நாலு இடத்தில் புள்ளி வெல்டு வையுங்கள். பிறகு கழற்றி எடுத்து, 25×6 பட்டையில் 40 செ.மீ. நீளம் வெட்டி வெளி ஓரத்தோடு சேர்த்துவிடுங்கள். எஞ்சினில் வைத்தபடியே வெல்டு அடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளில் புள்ளி விழும். உள் பற்களுக்குப் பக்கத்தில் வெல்டு வைத்தாலோ பிளேட் முறுக்கிக்கொண்டு ஹப்பில் ஏறாது.

மேக்னட் புல்லர்

இது எல்லைக்கோட்டில் நிற்கிற டூல். இழுப்பது வடிவம்தான், ஆனால் மொத்தச் சுமையும் ஒரு மி.மீ. பிட்ச் (இரு மரை மேடுகளுக்கு இடையிலுள்ள தூரம்) மரையின் மேல் விழுகிறது. கையால் செய்ய முடியாது, லேத்காரரிடம் இஎன் 8 என்ற நடுத்தரக் கரி எஃகுக் கம்பியில் கடைந்து வாங்குங்கள். கடைப் புல்லரைவிடச் சற்றுக் கூடுதல் செலவாகலாம், ஆனால் ஒரு மேக்னட் விலையை மிச்சம் பிடிக்கும்.

லேத்காரருக்குச் சரியான அளவைக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. மேக்னட்டின் உள்மரையைத் துணியால் துடைத்து, சோப்புத் துண்டை அதில் அழுத்தித் தடம் எடுங்கள். தடத்தில் 10 மி.மீ. நீளத்துக்குள் பத்து மேடு வந்தால் பிட்ச் 1.0, எட்டு வந்தால் 1.25. விட்டத்தை வெர்னியரில் எடுத்து, அதோடு ஏறக்குறைய ஒரு பிட்ச் கூட்டினால் மரையின் அளவு. 24, 27, 28 போன்ற அளவுகள் வழக்கம். சில ஸ்கூட்டர்களில் இடது மரை உண்டு, அதையும் சோப்புத் தடத்திலேயே சாய்வு பார்த்து உறுதிசெய்யுங்கள்.

சொல்ல வேண்டியவை மூன்று. மரை 12 மி.மீ. நீளமாவது இருக்க வேண்டும். தோள் வரை மரை ஓட, அடியில் ஒரு வெட்டுப் பள்ளம் கொடுக்க வேண்டும். நடுவில் எம் 14×1.5 மரை, அதற்குத் துளை 12.5 மி.மீ. நடு போல்ட் 10.9 தரம், நுனியைக் குவிந்த வடிவில் கடைந்து வாங்குங்கள்.

மேக்னட் நட்டைக் கழற்றியதும், அதையே திருப்பிப் போட்டு கிராங்க் நுனிக்குச் சமமாக நிறுத்துங்கள். நுனி நசுங்கினாலும் மரையை அந்த நட் காக்கும். நட் இருந்தால் புல்லர் உள்ளே நுழைய இடமில்லாத வண்டியில் நட்டை எடுத்துவிட்டு, 3 மி.மீ. பித்தளை வில்லை ஒன்றை இடையில் வையுங்கள். புல்லரைக் கையால் அடிவரை ஏற்றுங்கள். மூன்று சுற்றில் நின்றுவிட்டால் கழற்றி மரையைச் சுத்தம் செய்யுங்கள், ஸ்பானர் போட்டு ஏற்றாதீர்கள். நடு போல்ட்டில் கிரீஸ் தடவி இறுக்கி, இறுக்கம் ஏறியதும் போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. ‘டக்’ என்று விட்டுவிடும். விடவில்லை என்றால் பத்து நிமிஷம் அப்படியே விட்டுவையுங்கள். ஓங்கி அடித்தால் அழுத்திப் பொருத்திய கிராங்க் பின் விலகிவிடும், பிறகு எஞ்சின் நடுங்கும், காரணம் எதுவென்று யாருக்கும் பிடிபடாது.

மூன்று கால் புல்லரை மேக்னட்டின் விளிம்பில் மாட்டுவது அதைக் கிண்ணம்போல் வளைத்துவிடும். சூடு காட்டினால் உள்ளே காந்தத்தை ஒட்டிய பசை இளகும்.

வால்வு ஸ்பிரிங் அமுக்கி

நாலு அங்குல ஜி கிளாம்பும் ஒரு பைப் துண்டும் போதும். கிளாம்ப் வார்ப்பிரும்பாக இருந்தால் வேண்டாம், இழுவிசையில் வெடிக்கும். அடித்துச் செய்தது, அல்லது பட்டை வளைத்து வெல்டு செய்தது எடுங்கள்.

ஸ்பிரிங் மேல் தட்டின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட ஒரு மி.மீ. குறைந்த வெளிவிட்டமுள்ள பைப்பை 35 மி.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முனையிலிருந்து 6 மி.மீ. விட்டு, 15 மி.மீ. அகலம் 18 மி.மீ. உயரத்தில் பக்கவாட்டில் இரண்டு சன்னல் எதிரெதிரே. ஸ்பிரிங் தட்டை வால்வுத் தண்டோடு பிடித்திருக்கும் சின்னத் துண்டுகளான வால்வு லாக்கை வெளியே எடுக்கவும் உள்ளே வைக்கவும் இதுதான் வாசல். சன்னலுக்குக் கீழே வளையம் முழுசாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பைப் கால் விரித்து வழுக்கும். பைப்பைக் கிளாம்பின் அசையாத முனையில் வெல்டு செய்யுங்கள். திருகு முனையில் உள்ள சுழல் தட்டு வால்வு முகத்தில் உட்காரட்டும், இடையில் பழைய டியூப் ரப்பர் ஒரு துண்டு.

அமுக்கும் முன் ஸ்பிரிங் தட்டின் மேல் சாக்கெட் ஒன்றை வைத்து மரச்சுத்தியலால் ஒரு தட்டு. நாள்பட்ட லாக்குகள் தட்டின் கூம்புக்குள் கடித்து உட்கார்ந்திருக்கும். அதைக் கலைக்காமல் திருகினால் கிளாம்புதான் வளையும். லாக் வெளியே வரும் வரை மட்டும் அமுக்குங்கள், சுருள் ஒன்றையொன்று தொடும் வரை போக வேண்டாம். திரும்ப மாட்டும்போது லாக்கின் உள்பக்கம் கிரீஸ் தடவினால் தண்டில் ஒட்டி நிற்கும். மரச்சுத்தியலுக்குப் புளியங்கட்டையை விஞ்சியது கிடையாது. கறிக்கடையில் வருஷக்கணக்காகக் கத்தி வெட்டு வாங்குகிற கட்டைக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

பேரிங் ஏற்றுவதும் இறக்குவதும்

எஞ்சின் பெட்டியின் (கிராங்க்கேஸ்) குழிக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளி வளையத்தில் அழுத்தம் இருக்க வேண்டும், தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தில். மாற்றி அடித்தால் குண்டுகள் வழியாக அடி போய் ஓடுபாதையில் பள்ளம் விழும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆயிரம் கிலோமீட்டரில் ஊளையிடும்.

பழைய பேரிங்கின் வெளி வளையமே சிறந்த தள்ளுவான். 6203இன் வெளிவிட்டம் 40 மி.மீ., 6202இன்னது 35, 6301இன்னது 37, 6204இன்னது 47. அந்தந்த அளவு பழைய வளையத்தின் வெளிப்புறத்தை அரை மி.மீ. அரைத்துவிட்டால் குழிக்குள் சிக்காமல் உள்ளே போய் வெளியே வரும். மேலே தடித்த பட்டை ஒன்றை வைத்துத் தட்டலாம். வளையத்தின் மேல் நேராகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, அந்த எஃகு சில்லாகத் தெறித்துக் கண்ணில் பாயும். கண்ணாடி போடாமல் இந்த வேலையே வேண்டாம்.

அலுமினியப் பெட்டியைச் சூடேற்றினால் அடியே தேவைப்படாது. 40 மி.மீ. குழி 80 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போது சுமார் 0.07 மி.மீ. விரியும், பேரிங் தானாக விழுகிற அளவு அது. கேஸ் அடுப்பில் பழைய தோசைக்கல், அதில் இரண்டு விரல்கடை ஆற்று மணல், மணல்மேல் பெட்டி. நெருப்பை நேராகக் காட்டினால் ஒரு பக்கம் மட்டும் விரிந்து கோணும், மணல் சூட்டைப் பரப்பிவிடும். ஆயில் சீலை முன்னாடியே கழற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர்த் துளி விழுந்ததும் சுர்ரென்று ஆவியாகும் சூடு போதும். புது பேரிங்கைப் பிளாஸ்டிக் உறையோடு முந்தின ராத்திரியே ஃபிரீசரில் போட்டிருந்தால் இன்னும் சுலபம். தோசைக்கல்லை மறுபடி அடுக்களைக்குக் கொண்டுபோக வேண்டாம், அதற்கென்று ஒன்றைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கம் மூடிய குழியில் பேரிங் சிக்கினால் ஊறவைத்த செய்தித்தாளைக் கூழாக்கி நடுத்துளை வழியாக நிரப்புங்கள். உள் வளையத்துக்குச் சரியாகப் பொருந்தும் தண்டை வைத்து அடித்தால் கூழ் பின்னாலிருந்து பேரிங்கை வெளியே தள்ளும். நாலு அடிக்கு ஒருமுறை கூழ் சேர்க்க வேண்டியிருக்கும். 6202க்கு 15 மி.மீ. தண்டு. தண்டு தளர்வாக இருந்தால் கூழ் முகத்தில் பீய்ச்சும், வேறொன்றும் நடக்காது.

டார்க் பார்க்க ஒரு தராசு

போல்ட் இறுகும் முறுக்குவிசையை (டார்க்) அளந்து இறுக்குவது டார்க் ரெஞ்ச். மலிவானதில் எண் இருக்கும், உண்மை இருக்காது. சோதிக்கச் செலவே இல்லை. ரெஞ்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி படுக்கையாக நிற்கும்படி வையுங்கள். சதுரத்தின் நடுவிலிருந்து கைப்பிடியின் நடுவரை எத்தனை செ.மீ. என்று அளந்து, அங்கே வாளியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வாருங்கள். ‘கிளிக்’ கேட்டதும் வாளியை எடை போடுங்கள். எடை கிலோவில், தூரம் மீட்டரில். இரண்டையும் பெருக்கி மறுபடி 9.8ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். 30 செ.மீ. தூரத்தில் 10 கிலோ தொங்கினால் 29.4. ரெஞ்சில் 30 வைத்திருந்தால் சரி. ரெஞ்சின் சொந்த எடையும் கொஞ்சம் சேரும் என்பதால் ஒன்றிரண்டு எண் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பத்து எண் வித்தியாசம் என்றால் பொருட்படுத்தித்தான் ஆக வேண்டும்.

ரெஞ்சே வாங்காமலும் சமாளிக்கலாம். சாக்கெட் கைப்பிடியில் 25 செ.மீ. தூரத்தில் ஒரு துளை, அதில் கொக்கித் தராசு. செங்கோணத்தில் 4 கிலோ இழுத்தால் 9.8 நியூட்டன் மீட்டர், அலுமினிய மூடியின் எம் 6 போல்ட்டுக்கு வழக்கமான இறுக்கம் இதுதான். 10 கிலோ இழுத்தால் 24.5. உங்கள் வண்டிக்கான எண்ணை அதன் கையேட்டில் பாருங்கள். சாய்வாக இழுத்தால் தராசு காட்டுவதை விடக் குறைவாகத்தான் இறுகும். ஹெட் நட்டுகளை இரண்டு தவணையாக, எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள்.

வயல் எஞ்சினின் சாவி

பிசான நெல் பருவத்து நடவுக்கு முன்னால் பவர் டில்லரும் பம்ப் எஞ்சினும் பட்டறைக்கு வரும். பழைய டீசல் எஞ்சின்களில் ஃபிளைவீலைப் பிடித்திருப்பது தலையுள்ள ஆப்புச் சாவி, அதாவது தண்டுக்கும் சக்கரத்தின் ஹப்புக்கும் இடையில் அடித்து இறக்கிய சரிவான இரும்புத் துண்டு. அதன் தலையைப் பக்கவாட்டில் அடித்து உடைத்துவிட்டு, பிறகு ஒரு நாள் முழுக்கத் துளை போட்டுக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி.

இதற்கு ஸ்பிரிங் பட்டையில் கவட்டை ஆப்பு செய்யுங்கள். நீளம் 20 செ.மீ., தடிமன் நுனியில் 4 மி.மீ.யில் தொடங்கி 12 மி.மீ. வரை ஏற வேண்டும். பட்டை ஒன்று போதாவிட்டால் இரண்டை வெல்டு செய்து அரைக்கலாம், அதற்கு 7018 ராடு. 6013 ராடில் ஸ்பிரிங் எஃகு வெல்டு ஓரத்தில் வெடிக்கும். நுனியில் சாவியின் அகலத்தை விட 2 மி.மீ. கூடுதலாக ஒரு வெட்டு. அது சாவியின் மேல் கவட்டையிட்டு, தலைக்கும் ஹப்புக்கும் நடுவில் நுழையும். முந்தின நாளே மண்ணெண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஆப்பை ஒரே நேர்கோட்டில் அடியுங்கள். சாவியின் சரிவு நூற்றுக்கு ஒன்று, ஆகவே அரை மி.மீ. நகர்ந்தால் போதும், மிச்சம் கையோடு வரும். சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்த பிறகே முதல் அடி. வார்ப்பிரும்பு ஹப்பில் ஒரு பக்கம் மட்டும் நெருப்பு காட்டாதீர்கள்.

எதைச் செய்யவே கூடாது

ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங் அமுக்கி, ஜாக், வண்டியைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டின் பூட்டு, இம்பாக்ட் சாக்கெட், ஆலன் கீ. முதல் மூன்றும் தப்பினால் ஆளை அடிக்கும். கடைசி இரண்டும் கெட்டித்தன்மையின் வேலை, வீட்டு உலையில் வராது. ஸ்பானருக்குப் பைப் மாட்டி நீட்டுவதும் இந்தப் பட்டியலில்தான் சேரும், மலிவு ஸ்பானராக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செய்த டூலில் எந்த வண்டிக்கு, என்ன அளவு என்று எழுத்து அச்சால் குத்திவிடுங்கள். ஆறு மாதம் கழித்து மூன்று நாலு-பல் சாக்கெட்கள் ஒரே மாதிரி தெரியும். உவரி, ராதாபுரம் பக்கம் உப்புக்காற்றில் முலாம் இல்லாத இரும்பு ஒரு வாரத்தில் சிவந்துவிடும். பழைய எஞ்சின் ஆயிலில் அமிலமும் கரியும் இருப்பதால் அதைப் பூசாமல், புது ஆயில் நனைத்த துணியில் துடைத்துச் சுருட்டி வையுங்கள். திசையன்விளைப் பக்கம் தேரிக்காற்று (செம்மணல் மேடுகளிலிருந்து மண்ணை அள்ளி வரும் காற்று) அடிக்கும் மாதங்களில் அந்தத் துணிச் சுருளையும் மூடி போட்ட டப்பாவுக்குள் வைக்க வேண்டும். எண்ணெயில் ஒட்டிய தேரி மண், அடுத்த முறை புல்லரை ஏற்றும்போது மரைக்குள்தான் போய்ச் சேரும்.